சி.என்.சி. ரவுட்டருக்கு நாமே செய்யும் டஸ்ட் ஷூ: எந்த அமைப்பு எதற்குப் பொருந்தும்?

கணினி வழிநடத்தும் வெட்டு இயந்திரமான சி.என்.சி. ரவுட்டரில் நிமிடத்துக்கு 18,000 சுற்று வேகத்தில் சுழலும் ஒரு பிட் (வெட்டும் அலகு), எம்.டி.எஃப். பலகையில் இறங்கிய கணத்திலிருந்து இரண்டு வகைக் குப்பைகளை உண்டாக்குகிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியும் சீவலும் தூளும். அது மேசையிலும் தரையிலும் விழுந்து, பெருக்கினால் போய்விடும். மற்றொன்று காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும் நுண்தூசு. அது நுரையீரலுக்குள் போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. பெரும்பாலான எம்.டி.எஃப். பலகைகளில் மர இழைகளைப் பிணைக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையும் இந்தத் தூசியோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே, பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டிலின் மூக்கைச் சுற்றி மாட்டி, ஓரத்தில் பிரஷ் போன்ற திரையோடு தூசியைக் குழாய்க்குள் உறிஞ்ச உதவும் டஸ்ட் ஷூவை மேசையைச் சுத்தமாக வைக்கும் உபகரணமாக மட்டும் கருதி வடிவமைப்பவர், அதன் பாதி வேலையை மறந்துவிட்டுத்தான் தொடங்குகிறார்.

சொந்தமாகச் செய்ய முனைபவர்கள் வழக்கமாக ஷூவின் வடிவத்திலிருந்து யோசிக்கிறார்கள்: வட்டமா, நீள்வட்டமா, அக்ரிலிக்கா, அச்சிட்டதா என்று. எனக்கு இது தலைகீழான வரிசையாகத் தோன்றுகிறது. மறுமுனையில் காற்றை இழுக்கும் இயந்திரம் எது என்பதும், ஸ்பிண்டில் ஏறி இறங்கும்போது ஷூவும் கூடவே நகர்கிறதா என்பதும் முடிவானால், வடிவத்தின் பெரும்பகுதி தானாகவே முடிவாகிவிடும்.

வாக்யூம் கிளீனரா, டஸ்ட் கலெக்டரா

பட்டறைகளில் பயன்படும் வாக்யூம் கிளீனர் குறைந்த அளவு காற்றை மிகுந்த இழுவிசையோடு இழுக்கும். பெரிய விசிறியும் பையும் கொண்ட டஸ்ட் கலெக்டர் நிறையக் காற்றை இழுத்தாலும், அதன் இழுவிசை வாக்யூமோடு ஒப்பிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இந்த வேறுபாட்டைக் குழாயின் அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மரத்தூள் குழாயில் படியாமல் நகர விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் காற்று வேகம் தேவைப்படுகிறது. 100 மி.மீ. குழாயில் அந்த வேகம் கிடைக்க மணிக்கு 565 கன மீட்டர் அளவுக்குக் காற்று வேண்டும், 50 மி.மீ. குழாயில் 140 கன மீட்டர் போதும். முதலாவதைக் கலெக்டரால் தர முடியும், வாக்யூமால் முடியாது. ஆகவே வாக்யூமோடு 100 மி.மீ. குழாயை இணைப்பவர் வழியெங்கும் தூள் படிவதைக் காண்பார். கலெக்டரின் வாயை 50 மி.மீ. குழாய்க்குச் சுருக்குபவர், குறைந்த இழுவிசையால் அந்த நெருக்கடியை வெல்ல முடியாமல் காற்றின் பெரும்பகுதியை இழப்பார்.

ஷூவைப் பொறுத்தவரை இதன் விளைவு நேரடியானது. வாக்யூமுக்குச் செய்யும் ஷூ சிறியதாகவும், உறிஞ்சும் வாய் பிட்டுக்கு மிக அருகிலும், இடைவெளிகள் குறைவாகவும் இருக்க வேண்டும். கலெக்டருக்குச் செய்யும் ஷூவில் காற்று தாராளமாக உள்ளே வர வழி இருந்தே ஆக வேண்டும். எல்லாப் பக்கமும் இறுக்கமாக அடைப்பதே சிறந்தது என்ற எண்ணம் இங்கே பிழையாகிறது. தூசியைச் சுமந்து செல்வது காற்றுதான், உள்ளே வராத காற்று எதையும் சுமக்காது.

விலையிலும் இட வசதியிலும் வாக்யூமே முந்துகிறது. ஆனால் சி.என்.சி. வேலைகள் நான்கு ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓடக்கூடியவை. வாக்யூமின் கார்பன் பிரஷ் மோட்டார் அப்படி ஓடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஃபில்டர் அடைத்துக்கொண்டால், தான் இழுக்கும் காற்றாலேயே குளிரும் வகை மோட்டார்கள் விரைவில் சூடேறும். கலெக்டரின் இண்டக்‌ஷன் மோட்டாருக்கு இந்தக் கவலை இல்லை. வாக்யூமைத்தான் பயன்படுத்தப்போகிறோம் என்றால், நடுவில் ஒரு சைக்ளோன் பிரிப்பானை வைப்பது ஏறக்குறையக் கட்டாயம்: கூம்புக்குள் சுழலும் காற்றிலிருந்து சீவல் கீழே உள்ள வாளியில் விழுந்துவிடுவதால், ஃபில்டர் அடைபடுவது வெகுவாகத் தள்ளிப்போகிறது. மிக நுண்ணிய தூசி சைக்ளோனைத் தாண்டிவிடும் என்பதால் அதன் பின்னே ஹெப்பா தர ஃபில்டரும் இருக்க வேண்டும். காற்றுப் புகாத மூடி இல்லாத வாளியும், இழுவிசையில் உள்நோக்கிச் சப்பிப்போகும் மெல்லிய வாளியும் இதற்கு உதவா.

ஸ்பிண்டிலோடு இறங்கும் ஷூவும் உயரம் மாறாத ஷூவும்

உண்மையான போட்டி இங்கேதான் இருக்கிறது. முதல் வகையில் ஷூ ஸ்பிண்டிலின் உடலையே பற்றிக்கொண்டு அதனோடு ஏறி இறங்கும். செய்வது எளிது: 65 மி.மீ. ரவுட்டருக்கோ 80 மி.மீ. ஸ்பிண்டிலுக்கோ ஏற்ற துளையை ஒரு தகட்டில் வெட்டி, ஓரிடத்தில் பிளந்து, குறுக்கே ஒரு போல்ட் போட்டு இறுக்கினால் பிடிமானம் தயார். இயந்திரத்தின் வேறெந்தப் பகுதியிலும் கைவைக்க வேண்டியதில்லை.

இதன் குறை பிரஷில் வெளிப்படும். பிட்டைப் பற்றிப் பிடிக்கும் காலெட் நட்டிலிருந்து பிட் 30 மி.மீ. நீண்டிருப்பதாகவும் 18 மி.மீ. பிளைவுட்டை முழுமையாக வெட்டுவதாகவும் கொள்வோம். பிட்டின் நுனி பலகையைத் தொடும்போதே பிரஷும் தொட வேண்டுமானால், நட்டின் மட்டத்தில் தொடங்கும் மயிர் 30 மி.மீ.க்குச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். கடைசிச் சுற்றில் அதே மயிர் 12 மி.மீ. உயரத்துக்குள் மடங்க வேண்டும். மடங்கும் மயிர் வெளிப்பக்கம் விரிந்தால் பலகையைப் பிடித்திருக்கும் கிளாம்பில் சிக்கும், உட்பக்கம் மடங்கினால் பிட்டில் சிக்கி வெட்டுப்படும். உள்வட்டத்தைப் பெரிதாக்கி இரண்டாவதைத் தவிர்க்கலாம், ஆனால் வாக்யூமுக்கு அது பொருந்தாது. இதற்கு நடைமுறைத் தீர்வு, வெவ்வேறு மயிர் நீளம் கொண்ட இரண்டு மூன்று திரைகளைச் செய்து, பிட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதுதான்.

இரண்டாம் வகையில் ஷூ ஸ்பிண்டிலைத் தொடுவதில்லை. பக்கவாட்டில் மட்டும் நகரும், ஏறி இறங்காத வண்டிப் பகுதியிலிருந்து ஒரு கை நீட்டி அதில் ஷூவைப் பொருத்துகிறோம். ஸ்பிண்டில் ஷூவின் மேல்துளை வழியாகத் தன்பாட்டுக்கு ஏறி இறங்கும். பலகையின் தடிமனுக்கு ஏற்ப ஒருமுறை உயரத்தை அமைத்துவிட்டால் வேலை முடியும் வரை பிரஷ் மேற்பரப்பை மெல்லத் தொட்டபடியே இருக்கும். 40 மி.மீ. ஆழம் வரை இறங்கும் புடைப்புச் சிற்ப வேலைக்கு முதல் வகை ஷூவைப் பயன்படுத்தியவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். குழாயின் எடையும் ஸ்பிண்டிலை ஏற்றி இறக்கும் இசட் அச்சின் மேல் விழுவதில்லை; நிலையைத் திருப்பிச் சொல்லும் ஏற்பாடு இல்லாத ஸ்டெப்பர் மோட்டார்கள், குழாய் இழுத்த இழுப்பில் சில படிகளைத் தவறவிட்டு, அதை அறியாமலே மீதி வேலையைத் தவறான ஆழத்தில் வெட்டக்கூடியவை என்பதால் இது சிறிய நன்மையன்று.

ஆனால் இந்த வகையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் மேல்துளையைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. 80 மி.மீ. ஸ்பிண்டில் தாராளமாக நகர 100 மி.மீ. துளை வெட்டினால், சுற்றிலும் இருக்கும் 10 மி.மீ. இடைவெளியின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 28 சதுர செ.மீ.; 50 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்போ 19.6 சதுர செ.மீ. மட்டுமே. அதாவது, குழாயின் வாயைவிடப் பெரிய ஓட்டையைக் கூரையில் விட்டிருக்கிறோம். காற்று பிரஷின் வழியே சிரமப்பட்டு நுழையாமல் மேலிருந்து வசதியாக இறங்கிக் குழாய்க்குள் போய்விடும். எனது இரண்டாவது ஷூவில் இதே பிழையைச் செய்துவிட்டு, வாக்யூமில்தான் கோளாறு என்று நம்பி ஃபில்டரை மூன்று முறை சுத்தம் செய்தேன். துளையை 84 மி.மீ. ஆகக் குறைத்தால் கசிவுப் பரப்பு 5 சதுர செ.மீ. அளவுக்கு இறங்குகிறது, அவ்வளவு துல்லியமாக மையப்படுத்த முடியாதவர்கள், துளையின் விளிம்பில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை ஒட்டி அதன் உட்புற ஓரம் ஸ்பிண்டிலை உரசும்படி விடலாம்.

எனவே வாக்யூமும், பலகைத் தகடு வெட்டும் வேலையும் உள்ளவருக்கு ஸ்பிண்டிலோடு இறங்கும் ஷூவையும், கலெக்டரும் ஆழமான செதுக்கு வேலையும் உள்ளவருக்கு உயரம் மாறாத ஷூவையும் நான் தயக்கமின்றிச் சொல்வேன். வாக்யூமோடு ஆழமாகச் செதுக்குபவர் இரண்டாவதைத் தேர்ந்து, மேல்துளையை அடைப்பதில் சிரத்தை காட்ட வேண்டும். கலெக்டரோடு தகடு மட்டும் வெட்டுபவருக்கு எதுவானாலும் சரிதான்.

இரு வகைக்கும் பொதுவான ஓர் எதிரி ரவுட்டரின் சொந்த விசிறி. கையில் பிடித்து வேலை செய்வதற்காக வரும் சிறு ரவுட்டர்கள் தம்மைக் குளிர்விக்கும் காற்றைக் காலெட்டின் பக்கம் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. ஷூ இழுப்பதை அது ஊதி வெளியேற்றும். அந்தக் காற்று ஷூவுக்குள் புகாமல் பக்கவாட்டில் திரும்பும்படி ஷூவின் மேல்தகட்டுக்கும் ரவுட்டரின் காற்றுத் துளைகளுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தட்டு வைக்க வேண்டும். துளைகளையே அடைத்தால் மோட்டார் கருகும். நீரால் குளிரும் ஸ்பிண்டில் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.

திரை எதனால் ஆனது

கதவின் அடியில் பொருத்தும் நைலான் பிரஷ் பட்டையே பெரும்பாலானோர் நாடுவது. அடர்த்தியான மயிர் தூளைத் தடுக்கும், காற்றை அனுமதிக்கும், மேடுபள்ளத்துக்கு வளைந்துகொடுக்கும். உலோகப் பிடியோடு வரும் பட்டையை வட்டமாக வளைப்பது கடினம் என்பதால், ஷூவை மூலைகள் கொண்ட செவ்வகமாகச் செய்வது சில நேரம் புத்திசாலித்தனம். இதற்குப் போட்டியாக இருப்பது 1 மி.மீ. தடிமனுள்ள ஒளிபுகும் வினைல் தாளைக் கீழிருந்து 5 மி.மீ. இடைவெளியில் கீறிச் செய்யும் திரை. விலை குறைவு, பிட் எங்கே இருக்கிறது என்பது அதன் வழியே தெரியும், இதை பிரஷால் தர இயலாது. ஆனால் மடங்கிய வினைல் கீற்று மடிப்பிலேயே நின்றுவிடும். இன்னொரு திசைக்கு நகரும்போது ஒரு பக்கம் திறந்தபடி கிடக்கும். ரப்பர் தாளுக்கும் அதே குறை, ஒளிபுகும் நன்மை இல்லாமல். மென்மையான நுரைப்பஞ்சு பலகையின் ஓரத்தில் சிக்கிக் கிழிந்துவிடும் என்பதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உடலுக்கான பொருளில் எனக்கு அவ்வளவு தீவிரமான கருத்து இல்லை. 12 மி.மீ. எம்.டி.எஃப். தகட்டை அந்த ரவுட்டரைக் கொண்டே வெட்டி, இரண்டு மூன்று அடுக்குகளாக ஒட்டுவது எளிது. முதல் வடிவம் எப்படியும் தவறாகத்தான் அமையும் என்பதால் மலிவான பொருளில் தொடங்குவதே நல்லது. அக்ரிலிக் பார்வைக்கு உதவும், ஆனால் திருகின் இறுக்கத்திலும் கிளாம்பில் இடித்தாலும் விரிசல் விடும். அதே தெளிவோடு உடையாமல் வளைவது பாலிகார்பனேட். முப்பரிமாண அச்சில் குழாயின் வாயை மென்மையான வளைவோடு உருவாக்க முடிவது பெரிய வசதி, எனினும் அந்த அச்சில் வழக்கமாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸுக்கு அருகிலேயே இளகத் தொடங்குவதால், சூடேறும் ரவுட்டரின் உடலை இறுக்கிப் பிடிக்கும் வளையத்துக்கு அது ஏற்றதன்று. அந்தப் பகுதியை மட்டும் அதைவிட வெப்பம் தாங்கும் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்கில் அச்சிடலாம்.

பிட் மாற்றும் ஒவ்வொரு முறையும் திரை கழன்று வர வேண்டும். திருகுகளைவிட நியோடிமியம் காந்தங்கள் இதில் வெகுவாக முந்துகின்றன. காந்தம் நேரே இழுப்பதை நன்கு எதிர்க்கும், பக்கவாட்டில் வழுக்குவதை அவ்வளவு எதிர்க்காது. பிரஷ் பலகையில் உரசி இழுபடும் விசையோ பக்கவாட்டில்தான் வருகிறது. ஆகவே காந்தங்களோடு இரண்டு சிறு ஊசித் தண்டுகளும் துளைகளும் வைத்தால்தான் திரை இடம்பெயராமல் நிற்கும். காந்தங்களை ஒட்டுவதற்கு முன் துருவங்களைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக ஒட்டிய ஒன்றைப் பசை காய்ந்த பிறகு தோண்டி எடுப்பது இனிய அனுபவமன்று.

குழாய் வழியே விரையும் தூள் நிலைமின்னேற்றத்தை உண்டாக்கும். அது கையில் சுரீரென்று பாய்வதோடு நிற்காமல், நகர்வின் எல்லையை உணரும் லிமிட் ஸ்விட்சின் சமிக்ஞையையோ கணினியோடு இணைக்கும் யு.எஸ்.பி. தொடர்பையோ குழப்பி, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நடுவில் நிறுத்திவிடலாம். மின்கடத்தும் குழாய் வாங்கி அதன் முனையை நிலத்தொடர்பில் இணைப்பது தூய்மையான வழி. சாதாரண பிளாஸ்டிக் குழாயின் உள்ளே வெறும் செப்புக் கம்பியை ஓடவிடுவது மலிவான வழி, ஆனால் நீண்ட சீவல்கள் அந்தக் கம்பியில் சிக்கிச் சேரும். அலுமினியம் வெட்டுபவர்கள் அதன் தூளை மரத்தூள் கிடக்கும் வாளியில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டுமே எரியக்கூடியவை, சூடான உலோகத் துணுக்கு ஒன்று போதும்.

செய்து முடித்த இரண்டு ஷூக்களில் எது மேல் என்று ஒப்பிட, அறையை இருட்டாக்கி, பிரஷின் மறுபக்கம் ஒரு வலுவான டார்ச்சை உங்களை நோக்கிச் சற்றுச் சாய்வாக வைத்து, ஒளிக்கற்றையின் ஓரத்தைப் பாருங்கள்; சாதாரண வெளிச்சத்தில் தெரியாத நுண்தூசு, கசியும் இடத்திலிருந்து புகைபோல எழுவது அதில் தெரியும். இரண்டு சோதனைக்கும் பிட், பலகை, வேகம் மூன்றும் ஒன்றாகவே இருக்கட்டும். முக்கியமாக, பிட் மாறினால் ஒப்பீடு செல்லாது: சீவலை மேலே தூக்கும் அப்கட் பிட்டோடு எந்த ஷூவும் ஓரளவு நன்றாகவே தெரியும், கீழே அழுத்தும் டவுன்கட் பிட்டோ வெட்டிய பள்ளத்திலேயே தூளைத் திணித்துவிட்டுப் போகும், அதை மேலே இழுக்க எந்த ஷூவாலும் முடியாது.