பூஞ்சை தின்ற பாப்பிரஸுக்கு க்ளூசெல் ஜி: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

க்ளூசெல் ஜி என்பது ஹைட்ராக்ஸிபுரொப்பைல் செல்லுலோஸ் பொடி, அதாவது செல்லுலோஸிலிருந்து செய்த பசைப்பொருள். மாத்திரை, அழகுசாதனத் தொழில்களுக்கென ஹெர்குலிஸ் நிறுவனம் தயாரித்து வந்தது; 2008-இல் அந்த நிறுவனத்தை வாங்கிய ஆஷ்லாண்ட் இப்போது விற்கிறது. காகிதம், தோல், பாப்பிரஸ் பாதுகாக்கும் கூடங்களில் இது பழகிய சரக்கு. இங்கே பார்ப்பது அதன் ஒரு பயனை மட்டும்: பூஞ்சை அரித்துப் பொடியாகிவிட்ட எகிப்தியப் பாப்பிரஸை உதிராமல் நிறுத்துவது.

பாப்பிரஸ் தாள், கோரைத் தண்டின் வெண்சோற்றைப் பட்டையாகச் சீவி, ஒரு வரிசைமேல் இன்னொரு வரிசையைக் குறுக்காக வைத்து அழுத்திச் செய்தது. பட்டையில் நெடுக ஓடும் நார்க்கற்றைகளில், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் உண்டு. அவற்றுக்கு இடையே உள்ள சோற்றுத்திசுவின் சுவர் மிக மெல்லியது. செல்லுலோஸைத் தின்னும் கீட்டோமியம் போன்ற பூஞ்சைகள் முதலில் அழிப்பது இந்த மெல்லிய திசுவைத்தான். மிஞ்சுவது வலைபோல் நிற்கும் நார். மை அந்தத் திசுவின் மேல் இருந்தால் எழுத்தும் அதோடு போகும். சுருளில் தாள்களை இணைத்த இடங்களில் சேதம் அதிகம். அங்கே மாவுப்பசை இருக்கிறது. மாவை வெந்நீரில் கரைத்துச் சில துளி வினிகர் சேர்ப்பதைக் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

க்ளூசெல் பூஞ்சையைக் கொல்லாது. இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். "எத்தனால் என்ற ஆல்கஹாலில் கரைக்கிறோமே, அது கொல்லாதா?" என்று கேட்பார்கள். கலப்பில்லாத எத்தனால் பூஞ்சை இழையின் நீரைச் சட்டென்று உறிஞ்சிவிடுகிறது, உள்ளே சரியாக வேலை செய்வதில்லை. 70 பங்கு எத்தனாலுக்கு 30 பங்கு நீர் சேர்ந்தால்தான் உயிருள்ள இழை சாகும். வித்துகள் அதற்கும் தப்பும். ஆகவே பூஞ்சையை அடக்குவது தனி வேலை, க்ளூசெல் அதற்குப் பின் வருவது. பூஞ்சையைக் கொல்லத் தைமால் புகையும் எத்திலீன் ஆக்சைடு வாயுவும் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தன. எத்திலீன் ஆக்சைடு புற்றுநோய் உண்டாக்குவது, இரண்டையும் மறந்துவிடலாம்.

முதலில் துண்டைத் தனியாக வைத்து, சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே மெல்ல இறக்குங்கள். இழை பிசுபிசுவென்று தூரிகையில் இழுபட்டால் உயிருடன் இருக்கிறது. தூளாக உதிர்ந்தால் உறங்குகிறது. உறங்கும்போதுதான் துடைக்க வேண்டும், ஈரத்தில் துடைத்தால் கறை நாருக்குள் இறங்கிவிடும். மென்மையான தூரிகையால் தள்ளி, மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியின் குழாய் முனையில் பிப்பெட் (சொட்டுக்குழாய்) நுனி பொருத்தி, குறைந்த வேகத்தில், உருப்பெருக்கியின் கீழ் எடுக்கலாம். எத்தனால் ஈரம் உள்ள துண்டின் பக்கம் உறிஞ்சியைக் கொண்டுபோகாதீர்கள். மோட்டார்ப் பொறிக்கு அந்த ஆவி போதும். என்95 முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் கட்டாயம்.

இனி கரைசல். 100 மி.லி. எத்தனாலுக்கு 1 கிராம் பொடி. எத்தனாலைக் கலக்கிக்கொண்டே பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழுவழுப்பும் உள்ளே உலர்ந்த பொடியுமாகக் கட்டி விழும், அதை எவ்வளவு கிண்டியும் பயனில்லை. மூடி இரவு முழுக்க ஊறவிட்டால் தெளிந்த குழம்பாகும். நீரில் கரைப்பதானால் 50, 60 டிகிரி வெந்நீர் கொஞ்சம் எடுத்து அதில் பொடியைப் பரப்பிவிட்டு, பிறகு குளிர்நீரை ஊற்றுங்கள். வெந்நீரில் கரையாமல் பிரிந்து நிற்பது இதன் குணம், அதனால் கட்டி பிடிக்காது. நீர்க்கரைசலில் பூஞ்சையே வளரும்; அன்றன்றைக்குச் செய்வதுதான் நல்லது.

பொடியாகும் பகுதிக்கு 1 சதவீதம்கூட அதிகம். 0.5 சதவீதத்தில் தொடங்கி, முதலில் வெறும் எத்தனால் ஒரு துளி தொட்டு நனைத்து, உடனே கரைசலை ஓரத்தில் வைத்தால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நனைக்காமல் வைத்தால் மேலேயே படிந்து, காய்ந்தபின் நத்தை ஊர்ந்த தடம்போல் மினுங்கும். மினுக்கம் வந்துவிட்டால் எத்தனால் தொட்ட நுண்தூரிகையால் திரும்ப எடுக்கலாம், இந்தச் சரக்கின் பெரிய நன்மை அதுதான். இன்னொரு தொல்லை நீர்க்கோடு: பழுப்பான பகுதியில் கரைசல் நிற்கும் எல்லையில் அழுக்கு திரண்டு கோடாகிவிடும். சேதமான இடத்தின் எல்லையைத் தாண்டவிடாமல் நிறுத்துவது கைப்பழக்கம்.

புகைக்கரியும் கோந்தும் சேர்ந்த எகிப்திய மைக்கு எத்தனால் கரைசல் பாதுகாப்பானது; கோந்து எத்தனாலில் கரையாது, நீரில் கரையும். வண்ணச் சித்திரம் உள்ள துண்டு, பழைய அரக்குப் பூச்சு ஏறிய துண்டு என்றால் கதை வேறு. ஓரத்தில் ஒரு புள்ளி சோதிக்காமல் தொடக் கூடாது.

கிழிந்ததை ஒட்டுவதற்கு க்ளூசெலை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பிடிப்பு போதாது; தாள் நிமிரும்போது இணைப்பு நழுவுகிறது. 2 முதல் 4 சதவீத மெத்தில் செல்லுலோஸ் பசையும், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள ஜப்பானியத் தாள் நறுக்குகளும் போதும். எழுத்து இல்லாத பக்கத்தில், நார் ஓடும் திசையைப் பார்த்து ஒட்டுங்கள். கோதுமைப் பசை இன்னும் பலமானது, ஆனால் ஒருமுறை பூஞ்சை கண்ட துண்டுக்கு மறுபடி சோறு போடுவானேன்? நீண்டகால நிலைப்பிலும் மெத்தில் செல்லுலோஸ் ஒரு படி மேல்: 1990-இல் கெட்டி பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஃபெல்லர், வில்ட் ஆய்வு அதை மிக உறுதியான வகையில் வைத்தது, க்ளூசெல் அதற்கு அடுத்த நிலையில்தான் வந்தது.

ஓலைச்சுவடிக்குப் புல்தைலம் தடவிப் பழகியவர்கள் பாப்பிரஸிலும் அதை முயல வேண்டாம். எண்ணெய் நாருக்குள் ஊறிக் கருக்கும், பிறகு எந்தக் கரைசலும் உள்ளே போகாது.

வாங்கும்போது பெயருக்குப் பின்னுள்ள எழுத்தைப் பாருங்கள். ஈ, எல் வகைகள் மெலிந்தவை, எளிதில் ஊடுருவும், ஆனால் பிடிப்பு குறைவு. எம், எச் வகைகள் கெட்டியாகி மேலேயே நின்றுவிடும். இந்த வேலைக்கு நடுவிலுள்ள ஜி சரி. பொடி காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் இறுக மூடும் புட்டியில் வைத்து, திறந்த தேதியை மேலே எழுதிவிடுங்கள்.