முதல் மட்டங்களில் எந்தக் கைச்சீட்டு: ஜோடி ஐந்தா, ஏஸ்–ஜாக்கா?

லாஸ் வேகஸில் ஆண்டுதோறும் நடைபெறும் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டியில், 10,000 டாலர் கட்டி அமரும் ஒவ்வொருவருக்கும் 60,000 சிப் தரப்படுகிறது. முதல் மட்டத்தில் பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாக இடும் சிறிய, பெரிய தொகைகள்) 100–200 என்பதால், கையிருப்பு 300 பெரிய பிளைண்டுக்குச் சமம். ஒவ்வொரு மட்டமும் இரண்டு மணி நேரம் நீடித்து, பிறகு பிளைண்ட் உயரும். தோற்றுப்போனவர் மீண்டும் பணம் கட்டி நுழைய இயலாது. இங்கு ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டமில் (ஆளுக்கு இரு கைச்சீட்டு, நடுவில் எல்லோருக்குமான ஐந்து பொதுச் சீட்டு) கைச்சீட்டுகளை வரிசைப்படுத்தும் வழக்கமான அட்டவணைகள் இத்தனை பெரிய கையிருப்பைக் கணக்கில் கொள்வதில்லை என்பதே இந்த அலசலுக்குக் காரணம்.

இரண்டு சீட்டுகள் 1,326 விதமாகக் கைக்கு வரலாம். எந்தச் சின்னம் (ஸ்பேட், ஹார்ட் போன்றவை) என்பதை விட்டு, இரண்டும் ஒரே சின்னமா இல்லையா என்று மட்டும் பார்த்தால் 169 வகைகள் எஞ்சும். தொடக்க மட்டங்களில் இவற்றுள் எவற்றை ஆடுவது என்பதில் இரு தரப்புகள் உண்டு. முதல் தரப்பினர் ஜோடிப் பத்துக்கு மேற்பட்ட ஜோடிகள், ஏஸ்–கிங், ஏஸ்–குயின் ஆகியவற்றோடு நின்றுகொள்கிறார்கள். இரண்டாம் தரப்பினரோ பிளைண்ட் மலிவாக இருக்கும்போதே சிறு ஜோடிகள், ஒரே சின்னமுள்ள ஏஸ் சீட்டுகள், ஒரே சின்னத்தில் அடுத்தடுத்து அமைந்த ஏழு–ஆறு போன்றவற்றைக் கொண்டு ஃப்ளாப் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகள்) பார்க்க விரும்புகிறார்கள். இவ்விரு பட்டியல்களுக்கும் இடையில், வெவ்வேறு சின்னத்தில் வரும் ஏஸ்–ஜாக், கிங்–ஜாக், ஏஸ்–பத்து ஆகியவை கிடக்கின்றன. மேசையில் அதிகம் ஆடப்படுபவையும், என் கணிப்பில், முதல் நாளில் அதிகச் சிப்பைக் கரைப்பவையும் இவையே.

எதிராளியிடம் ஏதோ இரு சீட்டுகள் உள்ளன என்று வைத்துக்கொண்டு ஐந்து பொதுச் சீட்டுகளையும் விழவிட்டால், ஏஸ்–ஜாக் ஜோடி ஐந்தைவிடச் சற்று அதிகமாகவே வெல்லும். அட்டவணையில் அது மேலே இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் 300 பிளைண்ட் கையிருப்பில், எத்தனை முறை வெல்கிறோம் என்பதைவிட, வெல்லும்போது எவ்வளவு வருகிறது, தோற்கும்போது எவ்வளவு போகிறது என்பதே தீர்மானிக்கும். நடு இருக்கையிலிருந்து ஒருவர் 500க்கு ரெய்ஸ் செய்கிறார் (பந்தயத்தை உயர்த்துகிறார்), மற்றொருவர் கால் செய்கிறார் (அதே தொகையை இடுகிறார்), ஃப்ளாப்புக்குப் பின் கடைசியில் ஆடும் பட்டன் இருக்கையில் உள்ள நாமும் ஜோடி ஐந்துடன் கால் செய்கிறோம் என்று கொள்வோம். இரு பிளைண்ட்காரர்களும் ஃபோல்டு செய்து விலகினால், அவர்களின் பிளைண்டும், அதனுடன் கட்டாயமாக இடப்படும் 200 ஆன்டியும் சேர்ந்து பானையில் (நடுவில் குவியும் பந்தயத் தொகையில்) 2,000 இருக்கும். ஃப்ளாப்பில் கிங்–எட்டு–ஐந்து விழுகிறது. ஏஸ்–கிங் வைத்திருக்கும் முதலாமவர் 1,200 வைக்கிறார். நாம் 4,000 ஆக்குகிறோம், இடையிலிருந்தவர் விலக, அவர் கால் செய்கிறார். டர்னில் (நான்காம் பொதுச் சீட்டில்) 7,000, ரிவரில் (ஐந்தாம் சீட்டில்) 20,000 என்று அவர் தொடர்ந்தால் பானை 64,000 ஆகிவிடும். அதில் நம் பங்கு 31,500 மட்டுமே. ஃப்ளாப்பிலேயே செட் (கையிலுள்ள ஜோடியோடு அதே எண் பொதுச் சீட்டு சேர்ந்த மூன்று) அல்லது அதைவிடப் பெரியது அமையும் வாய்ப்பு 11.8 விழுக்காடுதான் என்றாலும், தவறும் முறைகளில் 500 உடன் கழன்றுகொள்ளலாம். பெரிய செட்டிடம் சிறிய செட் அகப்படும் ஆபத்து உண்டு, அது அரிது.

அதே இருக்கையில் ஏஸ்–ஜாக் இருந்து, ஃப்ளாப்பில் ஏஸ்–எட்டு–ஐந்து விழுந்தால் நிலைமை தலைகீழாகிறது. ரெய்ஸ் செய்தவரிடம் கிங்–குயின் இருந்தால், 1,200 வைத்துப் பார்த்துவிட்டு அவர் அடங்கிவிடுவார். ஏஸ்–கிங் இருந்தாலோ 1,200, 3,000, 7,000 என்று மூன்று முறையும் அவர் வைக்க, நாமும் கால் செய்து, முதலில் இட்ட 500ஐயும் சேர்த்து 11,700ஐ இழந்து நிற்போம். சிறு பானைகளை வென்று பெரிய பானைகளைத் தோற்கும் சீட்டு இது.

அதற்காக இரண்டாம் தரப்பு முழுவதும் சரி என்றும் சொல்வதற்கில்லை. ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டு வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) அமைவது 0.84 விழுக்காடு; நான்கு சீட்டு சேர்ந்து ஒன்றுக்குக் காத்திருக்கும் நிலை ஏறத்தாழ 11 விழுக்காடு; அதிலிருந்தும் ரிவருக்குள் நிறைவேறுவது 35 விழுக்காடு. அப்படி நிறைவேறும்போதும், ஏழு–ஆறு கொண்டு அமைத்த ஃப்ளஷைவிடப் பெரியது எதிரில் இருக்கக்கூடும்; கையிருப்பு பெரிதாக இருக்கும் இடத்தில் அந்த ஒரு கைக்கே எல்லாம் போய்விடும். ஒரே சின்னமுள்ள ஏஸ்–ஐந்துக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. சிறு ஜோடி, ஒரே சின்ன ஏஸ், அவற்றுக்கு வெகு பின்னால் ஏழு–ஆறு என்பதே நான் கொள்ளும் வரிசை. ஏழு–ஆறையும் பட்டனிலோ அதற்கு முந்தைய இருக்கையிலோதான் தொடலாம். (பத்து–இரண்டை ராசிச் சீட்டாக ஆடுபவர்கள், டாய்ல் பிரன்சன் என்ற ஆட்டக்காரர் 1976இலும் 1977இலும் அதைக் கொண்டு இதே போட்டியை வென்றது இருவர் மட்டுமே எஞ்சிய கடைசிக் கையில் என்பதை மறந்துவிடுகிறார்கள்.)

முதல் தரப்பின் சீட்டுகளில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஜோடி ஏஸ் 221 கைகளுக்கு ஒருமுறைதான் வரும். ஒருவர் எதிரில் இருந்தால் 85 விழுக்காடு வெல்லும் அது, ஐவர் உள்ளே வந்தால் பாதிக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுவதால், ரெய்ஸ் செய்து கூட்டத்தைக் குறைப்பது கட்டாயம். ஆனால் ஒற்றை ஜோடியை நம்பி 300 பிளைண்டையும் தள்ளுவது வேறு செய்தி. அவர்கள் கூறும் காரணத்தைத்தான் ஏற்க இயலவில்லை. முதல் நாளில் உயிர்பிழைப்பதே முக்கியம் என்கிறார்கள். 2024இல் 10,112 பேர் இறங்கிய போட்டியில் பரிசு பெற்றோர் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர். பரிசு எல்லை அவ்வளவு தொலைவில் இருக்கும்போது, சிப்பை இரட்டிப்பாக்குபவரின் வாய்ப்பும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. உயிர்பிழைத்தலின் விலை உயர்வது பரிசு எல்லையை நெருங்கும்போதுதான்.

இவையெல்லாம் பெரிய கையிருப்புக்கே பொருந்தும். 30 பெரிய பிளைண்டுடன் தொடங்கி, சில நிமிடங்களுக்கு ஒரு மட்டம் ஏறும் டர்போ போட்டியில், இரண்டரை பிளைண்ட் ரெய்ஸுக்குக் கால் செய்வதே கையிருப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும். செட் அமைந்தாலும் ஈடுகட்டப் போதிய சிப் எதிரில் இருக்காது. அங்கே ஏஸ்–ஜாக்குடன் முதலில் ரெய்ஸ் செய்வதும், முன் இருக்கையிலிருந்து வந்த ரெய்ஸுக்கு ஜோடி ஐந்தை ஃபோல்டு செய்வதும் பொருத்தமான ஆட்டமே.