பன்னிரண்டு வருடமாக ஒரு ஃப்ளூட்டோடு சண்டை

அமெரிக்க ஜாஸ் பாடகி சாரா வானும் ட்ரம்பெட்காரர் கிளிஃபோர்ட் பிரவுனும் சேர்ந்த ஆல்பத்தின் சிடி விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று போன வாரம் நண்பன் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருடமாக என்னிடம் இருக்கிற ஆல்பம் இது. முதலில் சிடியாக, அப்புறம் ரெக்கார்டாக. இதனோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு, இப்போதுதான் டர்ன்டேபிளைப் பழுது பார்த்துக் கொண்டுவந்து மறுபடி கேட்டிருக்கிறேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம்: 1954 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவானது. மெர்குரி நிறுவனம் சாராவைப் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களோடு ஜனரஞ்சகமான பாட்டுகள் பாட வைத்துக்கொண்டிருந்த காலம். ஜாஸுக்கென்று எம்ஆர்ஸி என்ற தனி லேபிளையும் வைத்திருந்தார்கள், இது அதில் வந்தது. முதலில் வெறும் 'சாரா வான்' என்ற பெயரில்தான். கிளிஃபோர்டின் பெயர் தலைப்பில் ஏறியது பின்னால் வந்த மறுபதிப்புகளில். பியானோ ஜிம்மி ஜோன்ஸ், பாஸ் ஜோ பெஞ்சமின், டிரம்ஸ் ராய் ஹெய்ன்ஸ் (2024இல் தன் 99ஆம் வயதில் போனவர்). ஊதுகருவிகள் மூன்றே மூன்று: கிளிஃபோர்டின் ட்ரம்பெட், பால் குவினிஷெட்டின் டெனர் சாக்ஸஃபோன், ஹெர்பி மேனின் ஃப்ளூட். இசை ஏற்பாடு, அதாவது யார் எங்கே என்ன வாசிப்பது என்று எழுதித் தருவது, எர்னி வில்கின்ஸ். ஒன்பது பாட்டு, முக்கால் மணி நேரம்.

அந்த மூன்றாவது ஊதுகருவி, ஃப்ளூட்தான் என் வழக்கு.

ஃப்ளூட் என்றால் எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம், மாலியின் குழலைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஹெர்பி மேன் மோசமாக வாசித்தார் என்றும் சொல்லவில்லை. என் கணக்கு வேறு. இந்த ஆல்பத்தில் பாட்டின் நடுவே வாத்தியங்களுக்கு இடம் விடும்போது மூன்று பேருக்கும் பங்கு போட்டுத் தருகிறார்கள். இவர் கொஞ்சம், அவர் கொஞ்சம், அடுத்தவர் கொஞ்சம். நியாயமான பங்கீடுதான். ஆனால் வரிசையில் நிற்பவர்களில் ஒருவர் கிளிஃபோர்ட் பிரவுன். வயது 24. இந்தப் பதிவு முடிந்து பதினெட்டு மாதம்தான் இருந்தார்; 1956 ஜூன் 26 அன்று பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் கார் விபத்து, கூடவே அவர் குழுவின் பியானோக்காரர் ரிச்சி பவலும் அவர் மனைவியும் போனார்கள். ஏறக்குறைய நான்கு வருடப் பதிவுகள்தான் அந்த மனிதர் நமக்கு விட்டுப் போனது. அது தெரிந்த பிறகு அந்த ஃப்ளூட் தனியாகக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும்: இந்த இடத்தில் கிளிஃபோர்ட் வாசித்திருக்கலாம். ஹெர்பி மேன் 2003 வரை இருந்தார், எத்தனையோ ஆல்பங்கள் போட்டார், இந்த முக்கால் மணி நேரத்தை விட்டுக்கொடுத்திருந்தால் என்ன? அன்றைக்கு ஸ்டுடியோவில் இருந்த யாருக்கும் அது தெரிந்திருக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. புரிந்தும் கோபம் வருகிறது.

டர்ன்டேபிள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் பெல்ட் தளர்ந்துபோய் ஒரு கடையில் மாற்றக் கொடுத்தேன். திரும்பி வந்ததிலிருந்து ஃப்ளூட் முன்னைவிடக் கீச்சென்று இருந்தது. என் வெறுப்புதான் முற்றிவிட்டது என்று மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சிடியையும் ரெக்கார்டையும் அடுத்தடுத்துப் போட்டபோதுதான் சுருதியே ஒத்துவரவில்லை என்று தெரிந்தது. இன்னொருவரிடம் எடுத்துப் போனேன். அவர் ஸ்ட்ரோப் தட்டை (வேகம் சரியா என்று பார்க்கும் கோடு போட்ட தட்டு) வைத்துக் காட்டினார், வேகம் சரியாக இருந்தால் நிற்க வேண்டிய கோடுகள் சுழலும் திசையிலேயே மெல்ல ஊர்ந்து போயின. வேகம் இரண்டு சதவீதம் அதிகம். கேட்பதற்குச் சின்ன எண், ஆனால் அது கிட்டத்தட்ட அரை சுருதியில் (பியானோவில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்) மூன்றில் ஒரு பங்கு. சாராவின் குரலில் அடித்தொண்டையின் அந்தக் கனம் குறைந்து, ஏற்கனவே உச்சத்தில் நிற்கிற ஃப்ளூட் இன்னும் மேலே போய்விடும். மோட்டாரில் இருந்த சின்னத் திருகைச் சரிசெய்தார், ஐந்து நிமிட வேலை. முதல் கடைக்காரர் பெல்ட்டை மாட்டிவிட்டு இதைப் பார்க்கவே இல்லை.

சரியான வேகத்தில் கேட்டதும் ஃப்ளூட்டுக்கு நான் பாதி அநியாயம் செய்துகொண்டிருந்தது தெரிந்தது. அது தனியாக வாசிக்கும் இடத்தை விடுங்கள். மூன்றும் சேர்ந்து சாராவுக்குப் பின்னால் மெதுவாக ஊதும் இடங்களைக் கேளுங்கள். சாராவின் குரல் அடியில் தொடங்கி நடுவை நிறைத்துக்கொள்கிற குரல். ட்ரம்பெட்டும் டெனரும் மட்டும் இருந்தால் அந்தக் குரல் நடமாடும் இடத்திலேயே அவையும் இடித்துக்கொண்டு நின்றிருக்கும். ஃப்ளூட் மேலே போய் நிற்பதால் நடுவில் அவருக்கு இடம் கிடைக்கிறது, மூன்று வாத்தியம் ஐந்தாறு பேர் போலக் கேட்கிறது. வில்கின்ஸ் ஜாஸ் பியானோக்காரர் கவுண்ட் பேஸியின் பெரிய பேண்டுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அங்கே ஃப்ராங்க் வெஸ் அப்போது ஃப்ளூட் வாசித்துக்கொண்டிருந்தார், அந்த ருசி அங்கிருந்து வந்திருக்கலாம். குவினிஷெட்டும் பேஸியிடம் இருந்தவர்தான். முதல் பாட்டு 'லல்லபை ஆஃப் பேர்ட்லாண்ட்' தொடக்கத்திலேயே சாரா சொல் இல்லாமல் ஊதுகருவிகளோடு சேர்ந்து ஒரு வரியைப் பாடுவார். அந்த வரியில் அவர் நான்காவது வாத்தியம். ஃப்ளூட் இல்லாமல் அதை நினைத்துப் பார்க்க இப்போது எனக்கு வரவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பன்னிரண்டு வருடத்தில் நான் அதிகம் கேட்ட பாட்டு எது தெரியுமா? இரண்டாம் பக்கத்தில் இரண்டாவது, 'எம்பிரேசபிள் யூ'. அதில் ஊதுகருவியே கிடையாது. மூன்று பேரும் சும்மா இருக்கிறார்கள், கிளிஃபோர்டும்தான். பியானோ, பாஸ், டிரம்ஸ், சாரா, அவ்வளவே. ஒரு வார்த்தையைத் தொட்டு, கீழே இறக்கி, இனிமேல் இறங்க இடமில்லை என்று நாம் நினைக்கும்போது இன்னும் ஒரு படி இறங்கி, அங்கே நின்று லேசாக ஆட்டிவிட்டு விடுவார். ஜிம்மி ஜோன்ஸ் அந்த ஆட்டம் முடியும் வரை காத்திருந்து ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை) வைப்பார். பல வருடம் அவருக்கு வாசித்த கை. இந்த ஒரு பாட்டுக்காகவே ரெக்கார்டு வாங்கின காசு எனக்கு என்றைக்கோ அடைந்துவிட்டது. முப்பது வயதில் அந்தக் குரல் இருந்த நிலையில் வேறு எந்த ஜாஸ் பாடகியையும் பக்கத்தில் வைத்துப் பேச எனக்கு மனம் வராது.

சிடி பற்றி ஒன்று. கடைசிப் பாட்டு முடிந்ததும் 'லல்லபை'யின் வேறொரு பதிவை, அதுவும் முழுசாக இல்லாததை, ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு நல்லதுதான். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பவனுக்கு, எல்லாம் முடிந்து அமைதியான நேரத்தில் மறுபடி முதலிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஒன்பதாவதோடு நிறுத்திக்கொள்ள ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன் அத்தனை வருடமும்.

சரி, நண்பனின் கேள்விக்கு வருகிறேன். வாங்காதே. இருக்கிற காசுக்கு ஹெலன் மெரில் என்ற இன்னொரு ஜாஸ் பாடகியின் ஆல்பத்தை வாங்கு. இதே டிசம்பர், இந்தப் பதிவு முடிந்த சில நாட்களிலேயே கிறிஸ்துமஸுக்கு முன் செய்தது, அதே லேபிள், அதே ஜிம்மி ஜோன்ஸ், அதே கிளிஃபோர்ட். ஏற்பாடு 21 வயது குவின்ஸி ஜோன்ஸ். மெரில் காற்று கலந்த குரலில் பாடுவார், சாராவின் வீச்சில் பாதிகூட அதற்குக் கிடையாது, தெரிந்துதான் சொல்கிறேன். அதிலும் ஃப்ளூட் எட்டிப் பார்க்கும், டேனி பேங்க் பேரிடோன் சாக்ஸோடு அதையும் கையில் வைத்திருந்தார், ஆனால் வரிசையில் நின்று பங்கு கேட்காது. கிளிஃபோர்டுக்கு மூச்சு விட இடம் இருக்கிறது. அவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் தனித்தனியாகச் செதுக்கி வைப்பதை அவசரமில்லாமல் கேட்கலாம். இந்த வாரம் எனக்கு அதுதான் வேண்டியிருக்கிறது, அடுத்த மாதம் கேட்டால் வேறு சொல்லுவேனோ என்னவோ.

சாராவை என் வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள். வேகம் சரியாக இருக்கிறது இப்போது. ரெக்கார்டைத் திருப்பி வைத்து இரண்டாம் பக்கத்தைப் போடுகிறேன்.