மதுரை டவுன்ஹால் ரோட்டுல செகண்ட்ஸ் ஸ்கேனர் வாங்கப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

ஒத்தக்கடையில ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கேன். 2004ல ஹைகோர்ட் கிளை வந்ததுல இருந்து இந்தப் பக்கம் எங்க பொழப்பே கேஸ் கட்டுதான், காலையில கடையைத் தொறக்குறதுக்கு முன்னாடியே குமாஸ்தா அண்ணன்க கட்டைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க, இ-ஃபைலிங் (ஆன்லைன்ல கேஸ் போடுறது) வந்த பிறகு எல்லாமே பிடிஎஃப்பா வேணும். முந்நூறு பக்கத்தை ஒண்ணொண்ணா கண்ணாடில வச்சு எடுத்தா விடிஞ்சுரும். அதான் 2021ல டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடையில, தாளை அடுக்கி வச்சா தானா இழுத்து ரெண்டு பக்கமும் எடுக்குற ஸ்கேனர் ஒண்ணு செகண்ட்ஸ்ல 14,500 ரூபாய் குடுத்து வாங்குனேன்.

வாங்கும்போதே ரெண்டு தடவ கேட்டேன், "அண்ணே, நாளைக்கு சிஸ்டத்தை மாத்துனா இது ஓடுமா?"ன்னு. "தம்பி, விண்டோஸ் லினக்ஸ் எதுல வேணா போடுங்க, ஓடும், நான் கேரண்டி"ன்னாரு. பில்லுல எழுதித் தரல, நானும் கேக்கல.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். மடிச்ச இடத்துல கிழிஞ்சு டேப் ஒட்டுன பழைய பத்திரத்தைக் கூட சிக்காம இழுக்கும். அப்ப என்கிட்ட இருந்தது 32 பிட் விண்டோஸ் 10 (64 பிட்டுக்கு முந்தின பழைய வகை), அதுல நாலு வருசம் நல்லாத்தான் ஓடுச்சு. 2025 அக்டோபர் 14 ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுச்சா, கோர்ட்டு பேப்பர் இருக்குற சிஸ்டம், அப்டேட் இல்லாம வைக்க பயந்து விண்டோஸ் 11 போட்ட புது சிஸ்டம் வாங்கிட்டேன். ஸ்கேனரைச் சொருகுனா பச்சை லைட்டு எரியுது, ரோலர் அரைச் சுத்து சுத்தி நிக்குது, சிஸ்டத்துல அன்நோன் டிவைஸ்னு மட்டும் வருது.

காரணம் பின்னாடிதான் புரிஞ்சுச்சு. அந்த மாடலுக்கு கம்பெனிக்காரன் போட்ட டிரைவர், அதாவது சிஸ்டம் ஸ்கேனரோட பேச வேண்டிய சாஃப்ட்வேர், 32 பிட்டுக்கு மட்டும்தான். விண்டோஸ் 11ல 32 பிட்டே கிடையாது, 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிவைஸ் டிரைவரை ஏத்தவே ஏத்தாது. டிரைவரோட சோர்ஸ் கோடு (அதை எழுதுன மூல நிரல்) கம்பெனிகிட்ட பூட்டிக் கிடக்கு, அவன் 64 பிட்டுக்கு மாத்தித் தரலைன்னா வேற யாராலயும் அதை மாத்த முடியாது. கஸ்டமர் கேர்ல கேட்டா, எண்ட் ஆஃப் லைஃப் சார், புது மாடல் பாருங்கன்னு வச்சுட்டாய்ங்க.

திரும்ப அதே கடைக்குப் போனேன். "கம்பெனியே நிறுத்திட்டான், நாங்க என்ன தம்பி பண்றது"ன்னு சொல்லிட்டு ஒரு பையனை அனுப்புனாரு, டிரைவர் ஏத்த 2,000 ரூபாய். அந்தப் பையன் ஏதோ ஓசி டிரைவர் தளத்துல இருந்து என்னத்தையோ இறக்கிப் போட்டுட்டுப் போயிட்டான், ஸ்கேனரும் ஓடல, சிஸ்டம் முழுக்க விளம்பரமா வந்து கடைசியில ஃபார்மட் பண்ண வேண்டியதாப் போச்சு. டைப் பண்ணி வச்சிருந்த ரெண்டு அஃபிடவிட் அதோட போச்சு, அந்தக் குமாஸ்தா அண்ணன் முகத்தைப் பாக்க முடியல.

அக்கா மகன் விண்டோஸுக்குப் பதிலா உபுண்டுங்கிற லினக்ஸ் போட்டுப் பாத்தான். கம்பெனி தளத்துல லினக்ஸ் டிரைவர்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது, அதுவும் 32 பிட்டு, சோர்ஸ் இல்லாத பைனரி, ஓட்ட மட்டும்தான் முடியும், மாத்த முடியாது. லினக்ஸ்ல ஸ்கேனருக்கு சேன் (SANE)னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு, ஒவ்வொரு வகை மெஷினுக்கும் அதுல ஒரு பேக்எண்ட், அதுதான் அங்க டிரைவர் மாதிரி. நடுவுல உபுண்டுல அந்த சேன் சாஃப்ட்வேரோட பேக்கேஜ் பேரு லிப்சேன்ல இருந்து லிப்சேன்1ன்னு மாறிருச்சு, கம்பெனி டிரைவர் இன்னும் பழைய பேரையே தேடிட்டு நிக்குது. சேன் கூடவே வர்ற பேக்எண்டெல்லாம் சோர்ஸ் தொறந்து இருக்குறதால 64 பிட்டுக்கும் புது வெர்சனுக்கும் அப்படியே கம்பைல் ஆகி (ஓடுற வடிவத்துக்கு மாறி) வந்துருது, இருபது வருசத்துக்கு முந்தின ஸ்கேனரைக் கூட இன்னைக்கும் ஓட்டிட்டு இருக்காங்க. என் மாடலை சேன் பட்டியல்ல தேடுனா, அன்சப்போர்ட்டட்.

இதை வாங்குற அன்னைக்கே பாத்திருக்கலாம், அஞ்சு நிமிச வேலை. சேன் தளத்துல மாடல் நம்பரைப் போட்டா கம்ப்ளீட், குட், பேசிக், மினிமல், அன்சப்போர்ட்டட்னு இது மாதிரி ஏதாவது ஒண்ணு போட்டிருக்கும், கம்ப்ளீட் இல்ல குட்னு இருந்தா மட்டும் வாங்குங்க. அதோட விடாதீங்க, உபுண்டு ஏத்துன பென்டிரைவைக் கடைக்கே கொண்டு போய் லைவ்ல (சிஸ்டத்துல ஏத்தாம பென்டிரைவ்ல இருந்தே) பூட் பண்ணி, ஸ்கேனரைச் சொருகி, டெர்மினல்ல ஸ்கேன்இமேஜ்னு அடிச்சு ஒரு இடம் விட்டு ஹைஃபனும் பெரிய எல்லும் போடுங்க (scanimage -L). அதுல பேரு வந்து, பத்துத் தாளை ரெண்டு பக்கமும் எடுத்துக் காட்டுனா மட்டும் காசை எடுங்க. யுஎஸ்பில டிடெக்ட் ஆயிருச்சு பாருங்கன்னு காட்டுவாய்ங்க, அதை நம்பாதீங்க, டிரைவரே இல்லாட்டியும் யுஎஸ்பி பட்டியல்ல பேரு வரும். புதுசா வாங்குறவங்க ஈஎஸ்சிஎல் (eSCL)ங்கிற ஸ்கேன் முறைக்கு சப்போர்ட் இருக்கான்னு கேளுங்க, இருந்தா நெட்வொர்க்லயே கம்பெனி டிரைவர் இல்லாம ஸ்கேன் பண்ணலாம்.

இப்ப சேன் பட்டியல்ல கம்ப்ளீட்னு போட்ட பழைய மாடல் ஒண்ணைத் தேடி 11,000 ரூபாய்க்கு வாங்கி ஓட்டிட்டு இருக்கேன். பழையது பரண்ல கிடக்கு, ரோலர் கூட தேயல.

போன வாரம் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போனேன். அதே மாடல் இன்னும் ரெண்டு அந்தக் கடை ஷெல்ஃப்ல இருக்கு, மேல ஆல் ஓஎஸ் சப்போர்ட்னு ஸ்டிக்கர் ஒட்டி.