பட்டர்வொர்த்தில் பழைய அப்சோபருக்கு மறுவாழ்வு

இந்த முறை ஊருக்குப் போனதில் பாதி நேரம் அப்பாவின் 1960 பி.எஸ்.ஏ. கோல்டன் ஃபிளாஷோடுதான் போயிற்று. பர்மிங்காமில் செய்த 650 சிசி மோட்டார் சைக்கிள். நான் பிழைக்கப் போனதும் அதே பர்மிங்காம்தான். அங்கே சாமான் கிடைக்கும். ஆனால் பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் பழைய கெர்லிங் கம்பெனி அப்சோபரைப் பிரித்து வேலை பார்க்கக் கூலி கேட்டால், புதுசே வாங்கிவிடலாம் போலிருக்கும்.

பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. ஸ்பிரிங்கில் குறையில்லை. ஆட்டத்தை அடக்க வேண்டிய எண்ணெய்தான் இடது பக்கம் ஒழுகிப் போயிருந்தது. முன்பு மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு கடையில் குழாயில் ஓட்டை போட்டு, விளிம்புவரை எண்ணெய் ஊற்றி அடைத்துத் தந்தார்களாம். அப்சோபரின் நடுக்கம்பியான ராடு உள்ளே இறங்க இடம் வேண்டாமா? எண்ணெய் அமுங்காது, கொஞ்சம் காற்று இருந்தால்தான் சுருங்கி வழிவிடும். எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சீல் பிதுங்கியதில் ஆச்சரியமே இல்லை.

இந்தத் தடவை கொடுத்தது தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு பட்டறையில். "எண்ணெய் அப்புறம் தம்பி, மொதல்ல ராடப் பாப்போம்" என்றார் போர்மேன் அண்ணன். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றி, ராடு மேல் நகத்தை ஓட்டிக் காட்டினார். கடல் காற்றில் துரு தின்ற குழிகள். அதன்மேல் புது சீல் போட்டால் சீலைத்தான் அறுக்கும். ராடு பக்கத்து ஊரான பிறைக்குப் போய், கிரைண்டிங் முடிந்து, ஹார்டு குரோம் பூசி வந்தது. கம்பெனி மடித்து மூடிய குழாய் வாயை லேத்தில் கடைந்து, மரை வெட்டி, திருகு மூடி செய்தார். இனி எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். சீலுக்கு பி.எஸ்.ஏ. பெயரே தேவைப்படவில்லை, உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் சொன்னதும் ஹைட்ராலிக் சீல் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஒழுகாத வலது பக்கத்து எண்ணெயை வடித்து அளந்து, அதே அளவு ஃபோர்க் எண்ணெயை இரண்டிலும் ஊற்றினார். பிறகு நிமிர்த்தி வைத்து, இடையில் வெற்றாக ஓடும் உணர்வு போகும்வரை மெதுவாக இழுத்து அமுக்கினார். பார்க்க நமக்குத்தான் பொறுமை போகும்.

செலவு புது ஜோடி விலையில் பாதிகூட வரவில்லை. இழுத்தடித்தது குரோம் வேலை மட்டுமே. லீவில் வருகிறவர்கள் இறங்கிய கையோடு கொடுத்துவிடுங்கள்.

2023-இல் வந்த புது ஃபெரிகளில் கார் ஏறாது, மோட்டார் சைக்கிள் ஏறும். தீவுக்குப் போய், தெலுக் பாஹாங்கிலிருந்து பாலேக் பூலாவ் வரை வளைந்து வளைந்து ஓட்டினேன். அமுங்கியது, எழுந்தது, நின்றது. அவ்வளவுதான் வேண்டும்.

அம்மா பின்னால் ஏறினால் மட்டும் அடியிலுள்ள கேமை, அதாவது ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தை, ஒரு படி ஏற்ற வேண்டும். அவர் பார்க்காத நேரமாகப் பார்த்துத் திருப்பச் சொல்லியிருக்கிறேன் அப்பாவிடம்.