அமுக்கராவா, பூனைக்காலியா?

விந்தணு குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் நாட்டு மருந்துக் கடையில் பலரும் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பக்குவம்
அமுக்கரா: கிழங்கைப் பாலில் பிட்டவியலாக (பாலின் ஆவியில், புட்டு போல) அவித்து, உலர்த்தி, இடித்துச் சலிக்க வேண்டும். பொடியாக வாங்கினால் வேர்ப்பொடிதானா என்று லேபிளைப் பாருங்கள். இலை கலந்தது வேண்டாம்.
பூனைக்காலி: வேலை அதிகம். விதையைப் பாலில் வேகவைத்து, தோலை உரித்து, உள்பருப்பை உலர்த்தி அரைக்க வேண்டும். இதில் எல்-டோபா (பார்கின்சன் எனும் நடுக்க நோய்க்குக் கொடுக்கும் மருந்துப்பொருள்) இருக்கிறது. அளவு மீறினால் குமட்டல், வாந்தி, தலைசுற்றல் வரும்.

அளவு
இரண்டுமே வழக்கமாக 3 கிராம், பாலில். அமுக்கரா தூக்கம் தரும், இரவில் எடுப்பது நல்லது.

யாருக்கு ஆகாது
அமுக்கரா: தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள்.
பூனைக்காலி: பார்கின்சன், மனநல மருந்து எடுப்பவர்கள்.

மன அழுத்தம், தூக்கமின்மையோடு ஆசையும் குறைந்தவருக்கு அமுக்கரா. தூக்கம் சரியாக இருந்து, அணுக்களின் அசைவு மட்டும் குறைந்தவருக்கு பூனைக்காலி. விந்தணு உருவாக சுமார் 74 நாள் ஆகும். மருந்து தொடங்கி மூன்று மாதம் ஆகும் முன் மறுபரிசோதனை வீண். அணுவே இல்லை, விரைநாள வீக்கம் (விரைப்பை நாளங்கள் புடைப்பது, வெரிகோசீல்) என்றால் பொடியில் காலம் கடத்தாமல் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் போங்கள்.

'அரை மணியில் பலன்' என்று விற்கும் லேகியத்தைத் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் சில்டெனாஃபில் (வயாகரா மாத்திரையில் உள்ள மருந்து) கலப்படம் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுபவருக்கு அது உயிருக்கே ஆபத்து.