விதையா, நாற்றா? சின்னப் பிள்ளைகளோடு தோட்டம் போடும்போது

வீட்டில் 4 வயதுப் பிள்ளை இருந்தால் விதைதான் என்பேன், அதுவும் முள்ளங்கி. 3 முதல் 5 நாளில் மண்ணை முட்டிக்கொண்டு இதய வடிவில் இரண்டு இலைகள் எட்டிப் பார்க்கும். சுமார் ஒரு மாதத்தில் பிடுங்கிவிடலாம். குழந்தையின் பொறுமைக்கு அது சரியான கணக்கு. பீன்ஸ் விதையும் நல்லது. பெரிதாக இருப்பதால் சின்ன விரல்களுக்கு வசதி. ஒரே தொல்லை தண்ணீர். ஆசையில் நாளுக்கு ஐந்து தடவை ஊற்றுவார்கள், முளை அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். குவளையை வாங்கி வைத்துவிட்டு, கையில் தெளிப்பானைக் கொடுங்கள்.

தக்காளி, மிளகாய், கத்தரி என்றால் பேச்சே வேறு. விதை போட்டு, நடும் அளவுக்கு வளரவே 4 முதல் 8 வாரம் ஆகும். கைக்குழந்தையோடு தூக்கம் கெட்டுக் கிடக்கிற வீட்டில் அதை யார் பார்ப்பது? நாற்றே வாங்குங்கள். பருவம் பாதி போய்விட்டாலும் அதுதான் கைகொடுக்கும். வாங்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள், அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி ஒட்டிக்கொண்டு வரும். சாயங்காலமாக நடுங்கள், வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாள் நிழலும் வேண்டும்.

அப்புறம், கேரட்டை மட்டும் நாற்றாக வாங்காதீர்கள். இடம் மாற்றினால் வேர் கவை விட்டுக் கோணிக்கொள்ளும்.